முதுகைக் காட்டிய செம்பருத்திகள்

தண்ணீர் மீட்டர் குறிக்கிறவர் தெருவுக்குள் வந்தால் அந்தத் தெருவிலுள்ள சாம்பல் நிறச் செம்பருத்திகள் எல்லாம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். இது பத்தொன்பது வருடம் நடந்தது. காம்பு மெல்ல முறுக்கிக்கொள்ளும், பூ சுவர்ப்பக்கம் போய்விடும், அவர் அடுத்த தெருவுக்குப் போனதும் பழையபடி வந்து நிற்கும். சிவப்பும் மஞ்சளும் இப்படிச் செய்ததில்லை, அந்த ஒரு வகை மட்டும்தான். முதல் இரண்டு மாதம் ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. அப்புறம் அவரவருக்கு வேலை இருக்கிறதே. பூ திரும்பினால் மீட்டர்காரர் இரண்டு வீடு தள்ளி வந்துவிட்டார் என்று அர்த்தம். நாயைக் கட்டு, மீட்டர் மூடிமேல் வைத்த வாளியை எடு. சொல்லப்போனால் வசதியாகத்தான் இருந்தது. விவசாயக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, காற்றுதான் காரணம் என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஒரு பொட்டுக் காற்று இல்லை. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

அந்தச் செடியை உண்டாக்கியது மீட்டர்காரரின் அக்கா. அவரைவிட ஆறு வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். தம்பி வீட்டு மொட்டைமாடியில் ஒற்றை அறை, அறையைச் சுற்றி அறுபது தொட்டி. வேலைக்குப் போகுமுன் கண்மை தீட்டும் தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு, இன்னொரு பூவின் நடுத்தண்டு நுனியிலிருக்கும் ஐந்து புள்ளிகளிலும் தடவுவாள். காம்பில் நூல் கட்டுவாள். பத்தில் எட்டு மூன்றாம் நாளே உதிர்ந்துவிடும். தங்கிய காய் முற்றிக் காய இரண்டு மாதம், விதையை பிளேடால் லேசாகக் கீறி முளைக்க வைத்தால் முதல் பூவுக்கு ஒரு வருடத்துக்கு மேல். அந்தப் பூவும் பெரும்பாலும் பார்க்கச் சகிக்காது. மறுபடி தூரிகை, மறுபடி நூல். கொதிகலன் வெப்பத்தில் நாளெல்லாம் நிற்கிற மனுஷிக்கு, மழைக்கு முன்னால் வானம் இருக்குமே அந்த நிறத்தில் ஒரு பூ வேண்டுமாம். பதினோராம் வருடம் அது பூத்தது. சாம்பல் இதழ், விளிம்பில் செம்புக் கோடு.

பூச்செடிச் சங்கத்தின் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று சலவைப் பிரிவில் லீவு கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். செம்பருத்தியில் ஒரு சௌகரியம், பறித்த பிறகு தண்ணீர் இல்லாமலே சாயங்காலம் வரை விரிந்திருக்கும். அக்கா பூவைப் பஞ்சு போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துத் தம்பியிடம் கொடுத்தாள். ஃபாரத்தில் என் பேரை எழுதிடு, செடிக்கு ஏதாவது நல்ல பேரா நீயே வெச்சுடு என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மீட்டர்காரர் கெட்டவர் இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். இருபது வருடமாக வீடு வீடாகப் போகிறவர். ‘பின்பக்கம் போங்க’ என்பதைத் தவிர யாரும் அவரிடம் பேசியதில்லை, பேர்கூடக் கேட்டதில்லை. கண்காட்சி மேசையில் பெட்டியைத் திறந்ததும் தலை நரைத்த நடுவரம்மாள் எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். சுற்றிக் கூட்டம் கூடியது. ‘இதை நீங்களா உருவாக்குனீங்க?’ என்று கேட்டார்.

‘ஆமாங்க’ என்றார் மீட்டர்காரர்.

ஒரு சொல். வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்ததைத் திரும்ப எடுத்திருக்கலாம், ஃபாரம் எழுத ஐந்து நிமிடம் பிடித்தது. அவர் எடுக்கவில்லை. உருவாக்கியவர் என்ற இடத்தில் தன் பேரை எழுதினார், செடியின் பேர் என்ற இடத்தில் மனைவியின் பேரை. முதல் பரிசு வந்தது, மறுநாள் பேப்பரில் படம் வந்தது. பேர் பதிவாகிவிட்டது. நாத்தனாரே தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்த மனைவி பூரித்துப்போய் அந்தப் பேப்பரைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

அன்று சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்து பேப்பரைப் படித்தாள். நிதானமாக, கடைசி வரி வரை. ‘படம் நல்லா வந்திருக்கு’ என்றாள், மாடிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. பாத்திரத்தைப் போட்டு உடைத்திருந்தால் இன்னும் தேவலை. அதோடு தூரிகையைத் தொடுவதை விட்டுவிட்டாள். ஆனால் யார் வந்து கேட்டாலும் அந்தச் செடியில் ஒரு குச்சி வெட்டிக் கொடுத்தாள். பென்சில் கனத்துக்கு வெட்டு, கீழ்இலையைக் கிள்ளு, நிழலில் வை, தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுக விடாதே என்று பொறுமையாகச் சொல்லியும் அனுப்பினாள். இரண்டே வருடத்தில் அந்தச் செடி இல்லாத வாசல் ஊரில் இல்லை.

முதலில் மாடித் தொட்டியிலிருந்த பூதான் திரும்பியது. அப்புறம் ஊரெல்லாம் திரும்பியது. மீட்டர்காரர் வழியை மாற்றிப் பார்த்தார், குடை பிடித்துப் பார்த்தார், ஒருநாள் தபால்காரரின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டுகூடப் போனார். பூக்கள் ஏமாறவில்லை. காரணம் என்ன என்று ஊர் யோசித்து, தனக்குப் பிடித்த பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டது: பூவுக்குப் பேர் அவர் பெண்டாட்டியுடையது, ஆகவே பெண்டாட்டிக்கு அவர்மேல் ஏதோ கோபம். ‘என்னங்க, வீட்டுல சமாதானம் ஆகலையா?’ என்று கேட் திறக்கும்போதெல்லாம் கேட்டார்கள். கடையில், பஸ்ஸில், அந்த அம்மாளைப் பார்த்தும் சிரித்தார்கள். பாவம், அவள் என்ன செய்தாள்? புருஷனை அடக்க முடியாமல் செடியை ஏவுகிறவள் என்று ஒரு பேரைச் சுமந்தாள். ஒருமுறை அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டாள்: ‘என் பேரைச் சொல்லி ஊரே சிரிக்குது. நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?’

மீட்டர்காரர் காற்றுதான் என்றார். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

அதற்குப் பிறகு அவர் ஒரு வேலை ஆரம்பித்தார். மீட்டரைக் குறித்த கையோடு அந்தந்த வீட்டுச் செடியைக் கவனிப்பார். பையில் சோப்புத் தண்ணீர் பாட்டில், பழைய பனியன் துணி. மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தால் இலை இலையாகத் துடைப்பார். நீண்ட கிளையைக் கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுவார். மொக்கு கொட்டினால் தொட்டியைத் தூக்கி வெயில் மாற்றி வைப்பார். பூக்கள் சுவரைப் பார்த்தபடியே நிற்கும், இவர் பின்னால் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பார். ஊரில் அவரைப்போலச் செம்பருத்தி பார்க்கத் தெரிந்தவர் இல்லை என்றாகிவிட்டது. ‘பின்னே, உங்க செடியாச்சே’ என்பார்கள் வீட்டுக்காரர்கள், அன்பாக. ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு உடம்பு கூசியது. கூச்சம் பழகிவிடும் என்று நினைத்தார், அது பழகுகிற சாமான் இல்லை.

பத்தொன்பதாம் வருடம் அவர் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது பூச்செடிச் சங்கம் அவரைக் கௌரவிக்க முடிவு செய்தது. பூங்காவின் புதுப் பாதைக்கு இருபுறமும் அந்தச் செடி இருநூறு, எல்லாம் பூவோடு. முன்வரிசையில் மனைவிக்கும் அக்காவுக்கும் நாற்காலி. அவர் பாதையில் கால் வைத்ததும் சேலை மடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது, இருநூறு செடியும் முதுகைக் காட்டின. கூட்டம் வழக்கம்போலக் கைதட்டியது. சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து, ‘மேடத்துக்கு இன்னும் கோபம் தீரலை போல’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை, தலையைக் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மேடையிலிருந்து மீட்டர்காரர் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தார். உச்சியில் நரைத்திருந்தது. கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்தத் தலை தன்னால்தான் குனிகிறது என்று அவருக்கு உறைத்தது.

மைக்கை வாங்கினார். ‘அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. இந்தச் செடி எங்க அக்கா உருவாக்குனது. பதினோரு வருஷம் அவங்க பாடுபட்டது. என்னைக் கொண்டுபோகச் சொன்னாங்க, நான் என் பேரை எழுதிக்கிட்டேன்.’

அவ்வளவுதான் பேசினார். இருநூறு செடியும் அவர் பக்கம் திரும்பின. பூவின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்துப் பத்தொன்பது வருடமாகியிருந்தது. பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தவருக்கு நிற்க இடம் தெரியவில்லை. கைதட்ட வேண்டுமா என்று கூட்டத்துக்கும் தெரியவில்லை. தலைவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எல்லோருக்கும் பிஸ்கட் கொடுக்கச் சொன்னார்.

மனைவி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கூடத்தில் மாட்டியிருந்த பேப்பரைக் கழற்றிக்கொண்டு மாடியேறி, நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டாள், செடிக்கு உங்க பேரையே மாத்திடுங்க என்று அழுதாள். பேரு இருக்கட்டும், செடி பழகிடுச்சு என்றாள் அக்கா.

மீட்டர்காரர் மாடியேற இன்னும் ஒரு வாரம் ஆனது. அக்கா தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காய்ந்த பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவர் படிக்கட்டு முடிகிற இடத்திலேயே நின்றார்.

‘நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா. நீ கேப்பேன்னுதான் இருந்தேன்.’

‘நீயே சொல்லுவேன்னு நானும் இருந்தேன்’ என்றாள் அக்கா. ‘உன் மூஞ்சியைப் பார்த்தா நீ கூசிப்போவேன்னுதான் பார்க்காம இருந்தேன்டா.’

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சாப்பாடு போடும்போதும், மருந்து வாங்கச் சொல்லும்போதும், அவருக்குக் காய்ச்சல் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோதும், இத்தனை வருடமும் அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் பேசியிருக்கிறாள். கோபம் என்று நினைத்திருந்தார். சொல்லிவிட்டு அக்கா நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மிச்சமிருந்த மாதங்கள் அவர் ஒழுங்காக வேலைக்குப் போனார். அவர் நுழைந்ததும் ஒவ்வொரு வாசலிலும் சாம்பல் செம்பருத்திகள் அவர் பக்கம் திரும்பின, தெருமுனை வரை பின்னாலேயே பார்த்தன. அவர் சுவரோரமாக, சுவரைப் பார்த்தபடியே நடந்தார். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. செம்பருத்தி ஒருநாள் பூ, சாயங்காலம் சுருண்டு விழுகிற வரைக்கும் அவரைப் பார்த்தன. மறுநாள் வேறு பூக்கள் பார்த்தன.