நிற்காத ஃபேன்

பிராகோ அம்மாவுக்கு மூக்குதான் நீதிபதி. கெஜெட்டியா சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவள். சாயத்தை முகர்ந்தே துணி அசலா போலியா என்று சொல்லிவிடுவாள். தன் டாக்சியை ஓட்டும் ஒபோக்கு பெட்ரோல் திருடுகிறான் என்ற சந்தேகம் வந்ததும் டாங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். அப்படியும் பெட்ரோல் கரைந்தது. அடியில் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சுகிறான் என்று முடிவு கட்டினாள். மாலையில் அவன் வண்டி விட வரும்போதெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தாள். இரண்டு பெண்களுக்குத் தகப்பன், தெருவே வேடிக்கை பார்க்க ஆவென்று நின்றான்.

வாயில் வாடை இல்லை. அதனால் மட்டும் அவள் மனம் மாறிவிடுமா? நாளை முதல் வேறு டிரைவர் என்று சொல்லிவிட்டாள். திருடன் என்று பெயர் எடுத்து இறங்கினால் குமாசி நகரில் எந்த முதலாளியும் அவனிடம் சாவி கொடுக்கமாட்டான். கடைசி முயற்சியாக ஒபோக்கு வண்டியைச் சுவாமே மேகசின் பட்டறை வரிசைக்கு, எலக்ட்ரீஷியன் செர்வாவிடம் கொண்டுவந்தான். இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டிவிடக்கூடாதே என்று பிராகோ அம்மாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

செர்வாவுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வயர் எங்கே போய் முடிகிறது என்று தெரியாவிட்டால் அவளுக்கு ஃபுஃபு உருண்டை தொண்டையில் இறங்காது. பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கை வைத்தவள், புருவத்தைச் சுருக்கி மறுபடி வைத்தாள்.

"அண்ணே, எந்த வழியா வந்தீங்க?"

"சந்தை நெரிசல்லதான். ஏன்?"

"கை சுடணும். பிள்ளையைக் குளிப்பாட்டுற தண்ணி மாதிரில்ல இருக்கு!"

"நல்லதுதானே?" என்றாள் பிராகோ அம்மா. "சூடு இல்லைன்னா இன்ஜினுக்கு ஆயுசு."

செர்வா பின்னால் போய் சைலன்சர் பக்கம் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, "அம்மா, உங்க மூக்கை ஊரே மெச்சுது. கொஞ்சம் இங்க வந்து பாருங்க" என்றாள்.

பிராகோ அம்மா தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முகம் மாறியது.

"பெட்ரோல்!"

"அவர் வாயில தேடினது இதைத்தானே?"

ஒபோக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அவன் கண் கலங்கியதைச் செர்வா பார்த்தாள்; பார்க்காததுபோல் திரும்பி ஃபேன் வயரைப் பிடித்துக்கொண்டு போனாள். சாவி போட்ட நொடியிலிருந்து நிற்காமல் சுற்றும் ஃபேன். அதன் வயர் நேராகச் சாவி லைனில் போய் முறுக்கப்பட்டிருந்தது. ரிலே இருக்கவேண்டிய பள்ளம் காலி. இன்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து வரும் வயரை வெட்டி, மடக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட்டும் இல்லை.

எதிர்ப் பட்டறை மாஸ்டர் துவோமோ, சோளமாவுக் கென்கியை மென்றுகொண்டே வந்து எட்டிப் பார்த்தார். தான் கழற்றிய தெர்மோஸ்டாட்களைக் கம்பியில் கோத்துக் கடை வாசலில் மாலையாகத் தொங்கவிட்டிருப்பவர் அவர்.

"அதெல்லாம் குளிர் தேசத்துக்காரனுக்கு, செர்வா. நம்ம வெயிலுக்கு ஃபேன் டைரக்ட்டா ஓடணும்."

"ஓடட்டும் மாஸ்டர். ஆனா கம்ப்யூட்டர் என்ன நெனைக்கும்? இன்ஜின் இன்னும் சூடாகல, பாவம் நடுங்குது, இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊத்துவோம்னு நெனைக்கும். விடியக்காலை ஸ்டார்ட் பண்ணினா ஊத்துற மாதிரி நாள் பூரா ஊத்துது."

"அப்போ திருடன் கம்ப்யூட்டர்னு சொல்றியா?" என்றாள் பிராகோ அம்மா.

"அதுகிட்ட பொய் சொன்னவங்களைத் தேடணும்."

துவோமோவின் மாலையிலிருந்து பொருத்தமான தெர்மோஸ்டாட் ஒன்றை உருவினாள். கரியடுப்பில் பால் டின்னில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டாள். அது மெல்ல வாய் திறந்தபோது துவோமோகூட மெல்லுவதை நிறுத்திப் பார்த்தார். அதை மாட்டி, தண்ணீர் நிரப்பினாள். சாவி லைனில் முறுக்கியிருந்த ஃபேன் வயரைப் பிரித்துவிட்டு, பள்ளத்தில் ஒரு ரிலேயைச் செருகினாள். மடங்கிக் கிடந்த வயரைச் சுரண்டி ஒட்டவைத்தாள்.

"கம்ப்யூட்டரே ஃபேனைச் சுத்தவைக்காதா?" என்றான் ஒபோக்கு.

"அரசர் சபையில நேராப் பேசுவாரா? தன் பேச்சாளர் ஒக்யாமே காதுல சொல்வார், ஒக்யாமே சபைக்கு முழங்குவார். அந்த மாதிரி, ரிலேதான் ஒக்யாமே."

இன்ஜின் ஓடியது. ஃபேன் நின்றிருந்தது. அதன் சத்தம் கேட்காதது பிராகோ அம்மாவைக் கலங்கடித்துவிட்டது.

"சுத்தலையே! வண்டியைக் கொல்லப்போறா! பழையபடி டைரக்ட்டா போடுடி!"

ஸ்கேனரில் வெப்பம் எண்பது, எண்பத்தைந்து என்று ஏறியது. துவோமோ வாளியில் தண்ணீரோடு தயாராக நின்றார். அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் சுத்தியல் ஓய்ந்தது. செர்வாவுக்கும் பயம்தான். இத்தனை நாள் வாயடைத்துக் கிடந்த கம்ப்யூட்டருக்கு இன்னும் உத்தரவு போடத் தெரியுமா என்பது அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? தொண்ணூறு தாண்டியது. ஒபோக்கு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

டக். ரிலே சொடுக்கியது. ஃபேன் ஊவென்று கிளம்பியது.

வெப்பம் இறங்கியது, சற்று நேரத்தில் ஃபேன் தானாக நின்றது.

"ஐயோ, நின்னுபோச்சே!"

"போதும்னு நிறுத்திக்கிச்சும்மா. இப்போ சைலன்சரை மோந்து பாருங்க."

குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. பெட்ரோல் வாடை போயிருந்தது. எழுந்து இடுப்பில் கை வைத்தாள்.

"எவன் இதை டைரக்ட்டா போட்டது? அவனை இழுத்துட்டு வாங்க!"

துவோமோ வாளியைக் கீழே வைத்தார். "நான்தாம்மா போட்டேன். மம்போங் ஏத்தத்துல வண்டி ஒருதரம் கொதிச்சுதுன்னு வந்தீங்க. வேணாம்மா, கசியற ஹோஸை மாத்தினா போதும்னு சொன்னேன். கேக்கலையே. என் தலைமேலயே நின்னு, டைரக்ட்டா போட்டாத்தான் ஆச்சுன்னு போடவெச்சீங்க."

அப்புறம் மற்ற மெக்கானிக்குகளும் அப்படியே போடுவதைப் பார்த்துப் பார்த்து அவரும் அதையே நம்பிக் கெட்டுப்போனாராம். யாரோ சிரித்தார்கள். இன்னொருவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்: "ஒபோக்கு, இப்போ நீ அம்மா வாயை மோந்து பாரு!"

பட்டறை வரிசையே வெடித்துச் சிரித்தது. பிராகோ அம்மா சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. வண்டி ஜன்னலருகே வந்து நின்றாள். சந்தையே அஞ்சும் அந்த முகத்தை ஒபோக்குவுக்கு முன்னால் நீட்டி, அத்தனை பேர் பார்க்க, வாயைத் திறந்தாள்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது.

ஒபோக்கு அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே கையை மட்டும் நீட்டினான்.

"வாயை மூடுங்கம்மா. டாங்க் சாவியைக் கொடுங்க."

அவள் இடுப்பு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். இறுக்கிப் போட்ட முடிச்சு, அவிழ நேரமாயிற்று. நீட்டிய கையை அவன் எடுக்கவில்லை.