சுழலும் ஸ்பீக்கருக்கு எழுதி அடித்த முடிவுகள்

1
ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு வதந்தியில் பிறந்தது. 1978-இல் குமாரபாளையத்தில் யாரோ எலெக்ட்ரிக் ஆர்கனுக்குச் சுழலும் ஸ்பீக்கர் பெட்டி செய்தார்களாம். யாரென்று சொன்னவருக்கே தெரியவில்லை. நானும் யோசிக்காமல் அவரை ஓர் ஆணாக எழுதினேன். 'மெக்கானிக் ராசு கைராசிக்காரன், அன்று காலை...' (அடித்துவிட்டேன். ராசு இருக்கட்டும்; கதை அவனுடையதல்ல.)

2
வசந்தாமணி ஒரு கச்சேரிக் குழுவில் பழைய ஆர்கன் வாசிப்பவள். குழுத் தலைவர் குழந்தைவேல் கெடு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தில் இசைத்தட்டில் கேட்பதுபோல் ஆர்கன் ஒலி ஏறி இறங்கி அலையடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் இடத்தில் சேலத்து ஆள் உட்காருவான். ஒலி சுழன்றால்தான் அந்த அலை வரும் என்று அவளுக்குத் தெரியும். பெட்டிதான் இல்லை.

விசைத்தறி மெக்கானிக் ராசு வந்தான். தறிக்குத் தார் சுற்றும், அதாவது குச்சியில் நூல் சுற்றும், மெஷினைப் பிரித்து, குச்சி நிற்கிற இடத்தில் ஸ்பீக்கரை மாட்டினான். ஆர்கனிலிருந்து வயரை இழுத்து அதில் இணைத்தான். சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் சுழன்றது. வயரும் நூல்போலச் சுற்றிக்கொண்டே போய்ப் பட்டென்று அறுந்தது.

"ஏனுங்க ராசண்ணா, வயருல தார் சுத்திப்போட்டீங்களே!"

"பழக்கதோசம் அம்மிணி. சுத்தறதுன்னா நமக்கு அதுதானுங்களே."

(அடிக்குறிப்பு: இந்த இடத்தில் இருவருக்கும் காதல் வந்தால் கதையைப் போடுவதாக ஒரு பத்திரிகை ஆசிரியர் சொன்னார். வராது. அவர்களுக்கு வேலை இருக்கிறது.)

3
அவளுக்கு அழுகை வந்த... இல்லை, கோபம்தான் வந்தது. ஸ்பீக்கரைக் கழற்றி மல்லாத்தி வைத்தாள்.

"இது அசையக் கூடாதுங்க. இதும் மேல மர டிரம்மு சுத்தட்டும். டிரம்முல ஒரு பக்கம் மட்டும் வாய் வெட்டுங்க. சத்தம் அது வழியாத்தான் வரோணும்."

"நடக்குமுங்களா?"

"நடக்காட்டி என்னங்க? என்ர எடத்துல எவன் உக்கார்றான்னு பாத்துப்போடறேன்!"

4
முதல் முடிவு: அலை வந்தது, குழந்தைவேல் கைதட்டினார். அவர் தட்டினால்தான் அவள் ஜெயித்ததாக நானே ஏன் நினைத்தேன்? கிழித்தேன். இரண்டாவதில் டிரம்மைச் சுற்றும் மோட்டார் எரிந்து, அவள் தலைகுனிந்து... குனிய மறுத்துவிட்டாள். வாக்கியம் அங்கேயே நிற்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. ராசு வாய் வெட்டிய டிரம் மேடையேறிவிட்டது. கீழே சேலத்து ஆள் தயாராக நிற்கிறான்.

"அம்மிணி, அலை வருமா வராதா?" குழந்தைவேல் அவசரப்படுத்துகிறார்.

முடிவை உங்களிடம் விடலாம் என்றிருந்தேன். விட மாட்டேன். நீங்களும் அவருக்குப் பக்கத்தில் நின்று அதையேதான் கேட்பீர்கள்.

வசந்தாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். சுவிட்சில் கைவைத்தபடி சொல்கிறாள்:

"வந்தாலும் வராட்டியும் நான் எந்திரிக்க மாட்டேனுங்க."