டிரோனுக்குப் பட்ட தீட்டு

டிரோன் சேற்றில் புதைந்து கிடந்தது. கால் மணி நேரத்துக்கு முன்புதான் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். மலேசியாவின் சுங்கை பெசார் வயல்களுக்கு மருந்தடிக்கத் தங்கராஜு முதலாளி வாங்கிய புது மிஷின். ஓட்ட லைசன்ஸ் உள்ளவள் துளசி ஒருத்திதான்.

ஏறும்போது ஒழுங்காகத்தான் ஏறியது. பிறகு வட்டமடித்தது. வட்டம் பெரிதாகிப் பெரிதாகி, வரப்பில் நின்ற பெண்கள் பக்கம் சரிந்தது. தானாகப் பறந்ததைத் துளசி கையோட்டத்துக்கு மாற்றி, யார் தலையையும் தொடாமல் சேற்றில் இறக்கினாள். லேசான காரியமில்லை, கண்ணுங்களா. றெக்கைகள் சுற்றி அடங்குவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது.

"ஏன்டி துளசி," என்றாள் களையெடுக்கும் பெண்களில் மூத்தவளான இராஜம்மா. "பூச போட்ட மிஷின தூரமா இருக்கறப்ப தொட்டு தீட்டாக்கிட்டியா?"

யாரோ சிரித்தார்கள். தங்கராஜு அதையே பிடித்துக்கொண்டார்.

"அதான் லா. பொம்பள கையில குடுத்தது என் தப்பு." காருக்குள் உட்கார்ந்து விபத்துப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். காரணம் என்ற இடத்தில் 'ஓட்டியவரின் தவறு' என்று மலாய் மொழியில் எழுதியிருந்தார். "சைன் போடு."

போட்டால் லைசன்ஸ் போய்விடும். துளசிக்குக் காது மடல் சுட்டது. சேற்றில் இறங்கி டிரோனைப் புரட்டினாள். அதன் அடிவயிற்றில் தங்கராஜுவின் போன், தன் முதுகிலிருந்த காந்த வளையத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரி பாத்துட்டு நான் ஆளுங்கள வெலக்கப் போனேனே, அப்ப ஒட்டுனீங்களா முதலாளி?"

"மேலருந்து வயல் அழகா தெரியும்னு லா. இத்துனூண்டு போனு, இவ்ளோ பெரிய மிஷின தள்ளிருமா?"

துளசி ரிமோட்டின் திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினாள். போனை டிரோனிடம் கொண்டுபோனாள், திரை சிவந்தது. எடுத்தாள், பச்சையானது. மறுபடி வைத்தாள், சிவப்பு.

"வடக்கு எதுன்னு சொல்ற திசைகாட்டி இதுக்குள்ள இருக்கு. உங்க காந்தம் அத ஏமாத்திருச்சு. தெச தெரியாம சுத்துச்சு, இவங்க தலைக்கு மேல."

"அப்ப தீட்டு போனுக்குத்தானா?" என்றாள் இராஜம்மா. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். துளசி இராஜம்மா பக்கம் திரும்பினாள்.

"சிரிக்காதீங்கக்கா. மொதல்ல கேட்டீங்களே, நாலு ஆம்பளைங்க நிக்கிற எடத்துல கேக்கற கேள்வியா அது? அந்த றெக்க உங்க கழுத்துக்குத்தான் வந்துச்சு. திருப்புனது இந்தக் கை."

சிரிப்பு நின்றது. தங்கராஜு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சரி விடும்மா. எல்லாரும் பாத்துட்டாங்கல்ல. பேப்பர்ல மட்டும் அப்படியே..."

"பேப்பர்லதான் முதலாளி மாத்தணும்."

பேனாவை அவரிடமிருந்து வாங்கி, எழுதியிருந்ததை இரண்டு கோடு போட்டு அடித்தாள். உரிமையாளர் காந்தம் வைத்த கைபேசியை டிரோனில் ஒட்டினார் என்று மலாயிலேயே எழுதி நீட்டினாள்.

"நான் போடலன்னா?"

"வேற ஆளு தேடிக்குங்க. அது வரைக்கும் புழு பட்டினி கெடக்குமான்னு கேட்டுப் பாருங்க."

அவர் வயலைப் பார்த்தார். புழு சுருட்டிய நெற்பயிர் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு காரின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார்.

துளசி அதைக் கடைசியிலிருந்த முதலாளியின் பெயர் வரை தமிழில் எல்லோருக்கும் வாசித்தாள்.

"கடைசி வரி சரியா கேக்கல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் முதல் வரியிலிருந்து மறுபடியும், இன்னும் உரக்க, வாசிக்கத் தொடங்கினாள்.