அருவிக்குப் பின்னால் ஒரு மேசை விசிறி

ஜாக்லின் இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரு பொய் சொன்னாள். சின்னப் பொய்தான். பதிமூன்று வயதுப் பிள்ளையின் பொய்க்கு எந்தப் பாதிரியாரும் இரண்டு அருள்நிறை மரியே செபத்துக்கு மேல் பரிகாரம் கொடுக்கமாட்டார். சொல்லிவிட்டு மறந்தும் போனாள். அது அச்சில் ஏறியிருக்கிறது என்பதே போன செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டின்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. போத்தல் மூடிகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, கோணலானதை எடுத்துத் தனியே போடவேண்டும். அன்றைக்கு ஒரு கையில் சோற்றுப் பொட்டலம், மறு கையில் போன். ஃபேஸ்புக்கில் ‘காக்கி கேம்’ பத்திரிகையின் பழைய வாசகர் குழு.

‘காக்கி கேம்’, அதாவது ஆட்டப் பைத்தியம், என்பது ஜொகூர் பாருவிலிருந்து மாதாமாதம் மலாயில் வந்துகொண்டிருந்த வீடியோ கேம் பத்திரிகை. இண்டர்நெட் வந்தது, பத்திரிகை மெலிந்தது. எண்பது பக்கம் நாற்பதாகி, நாற்பது இருபத்துநான்காகி, ஒரு மாதம் வராமலே நின்றுபோனது. அப்போது ஒருத்தரும் மூக்கைச் சிந்தவில்லை. இப்போது பாருங்கள், ஆறாயிரம் பேர் குழு வைத்து அழுகிறார்கள். அன்றைக்கு இந்த ஆறாயிரம் பேரும் ஆளுக்கொன்று வாங்கியிருந்தால் அது ஏன் சாகப்போகிறது?

ஜாக்லினும் வாங்கியதில்லைதான். அவள் அப்பா மைக்கலுக்கு லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. பயணிகள் பெஞ்சில் விட்டுப்போன பத்திரிகைகளைத் தட்டித் துடைத்து மகளுக்குக் கொண்டுவருவார். மார்ச் இதழ் ஜூனில் வரும், ஜனவரி இதழ் வராமலே போகும், வந்ததில் நடுப்பக்கம் இருக்காது. வீட்டில் கேம் மிஷினும் கிடையாது. ஆடாத ஆட்டங்களைப் பற்றி அவள் வரி விடாமல் படித்தாள். சாப்பிடாத பண்டத்தின் சமையல் குறிப்பைப் படிக்கிற மாதிரிதான்.

குழுவை நடத்தும் பிராண்டன் பண்டார் தெங்காராக்காரன். பழைய இதழ்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துப் போடுவான். செவ்வாய்க்கிழமை அவன் போட்டிருந்தது 1999 ஆகஸ்டு இதழின் ‘பிந்து பெலாக்காங்’ பக்கம். பிந்து பெலாக்காங் என்றால் பின்கதவு. ஆட்டங்களின் குறுக்கு வழிகளை வாசகர்கள் எழுதியனுப்பும் பகுதி அது. தேர்ந்தெடுத்துப் போடுபவர் தன்னை ‘அபாங் பிந்து’, கதவு அண்ணன், என்று சொல்லிக்கொள்வார்.

“ஸ்டோன் ரிவர், மூன்றாம் கட்டம். அருவிக்குள் நின்று கீழ் பட்டனை ஏழு முறை அமுக்கவும். பாறையில் சிவப்புக் கதவு திறக்கும். அனுப்பியவர்: ஜாக்லின், லாயாங் லாயாங்.”

சோறு புரையேறிவிட்டது. பக்கத்திலிருந்த லோஷினி முதுகில் தட்டிக் கொடுத்தாள். “என்னக்கா, காரமா?”

“இல்லடி. என் பேரு.”

ஸ்டோன் ரிவரை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. பத்திரிகையில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் அருவிப் படம் இருந்தது. குறிப்பு அனுப்பினால் பெயர் வரும் என்று போட்டிருந்தது. பெயர் வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கதவு, ஏழு முறை, சிவப்பு, எல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளே அவிழ்த்துவிட்டது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பார்களே, பொருந்தத்தான் சொல்லியிருந்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள், அந்தக் கதவைத் திறந்தோம் என்று!

ஒருவர் உள்ளே தங்கக் காசு பார்த்தாராம். இன்னொருவர் பெரிய பாம்பு. கூலாய் ஊர்க்காரர் ஒருவர் குளிக்கிற உடையில் ஒரு பெண்ணைப் பார்த்தாராம், அந்த மனிதர் அப்போதே அப்படித்தான் போலிருக்கிறது. ஜாக்லினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இல்லாத கதவுக்குள் இத்தனை பேர் எப்படிப் போனார்கள்? ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். பிராண்டன் எழுதியிருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்கு எட்டு வயசு. அமுக்கி அமுக்கி பட்டனே ஒடஞ்சி போச்சு. அம்மா ரோத்தான் பிரம்பால வெளுத்தாங்க. நேத்து மறுபடியும் மூணு மணி நேரம் ஆடிப் பாத்தேன், தொறக்கல. எல்லாருக்கும் தொறந்திருக்கு. எனக்கு மட்டும் ஏன்?”

உன் விரல் சரியில்லை, உன் கேசட் களவாணி கேசட் என்று ஆளாளுக்கு அவனைக் கேலி செய்திருந்தார்கள். உண்மையைச் சொன்னவன் ஒருத்தன், அவனுக்குத்தான் இந்த உதை! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. ‘நான்தான் அந்த ஜாக்லின்’ என்று எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், அழித்தாள். ஆறாயிரம் பேருக்கு முன்னால் பொய்க்காரி என்று நிற்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

அப்போதுதான் கடைசியில் சதாசிவம் என்று ஒருவர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

“உள்ளே ஒரு நாற்காலி. ஒரு மேசை விசிறி. இரண்டு போத்தல் ஓரஞ்சு. ஒரு சின்ன டிவி, அதில் இதே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.”

அலமாக்! ஜாக்லின் சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். கதவுக்குள் என்ன இருக்கிறது என்று கடிதத்தின் அடியில் அவள் எழுதியது இதேதான், நாற்காலி முதல் டிவி வரை. அந்தப் பகுதியைப் பத்திரிகை போடவில்லை. அவளைத் தவிர ஒருவருக்கும் அது தெரிய வழியில்லை. கடிதத்தைக் கையில் வாங்கிப் பிரித்தவருக்குத் தெரியும்.

சதாசிவத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தம்போயில் பிரிண்டிங் கடை. அவள் மகள் ஆட்ரிக்கு மாதா கோயில் புதுநன்மை விழா அழைப்பு அடித்த கடையிலிருந்து இரண்டு கடை தள்ளி!

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போய் நின்றாள். அறுபதை நெருங்கிய மனிதர், நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி.

“வாங்கம்மா. கல்யாணக் கார்டா, கருமாதிக் கார்டா?”

“ரெண்டும் இல்லண்ணே. நான் ஜாக்லின். லாயாங் லாயாங்.”

கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடேங்கப்பா,” என்றார். “ரயில் கொஞ்சம் லேட்டு போல.”

“அபாங் பிந்து நீங்கதானா? நான் மலாய்க்காரர்னு நெனச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. சதாசிவம்னு போட்டா எவன் கதவத் தொறப்பான்?”

அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். “அண்ணே, நான் எழுதினது பொய்ணே. எங்க வீட்ல அந்த மிஷினே கெடையாது. அந்த ஆட்டத்த நான் பாத்ததுகூட இல்ல. உங்களயும் ஏமாத்திட்டேன், ஊரயும் ஏமாத்திட்டேன்.”

“என்னய ஏமாத்துனியா?” அவர் சிரித்தார். “அர நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டேன்மா. அந்த ஆட்டத்த மூணு தடவ முடிச்சவன் நான். அங்க கதவும் இல்ல, ஜன்னலும் இல்ல.”

“அப்புறம் எதுக்குப் போட்டீங்க?” அவளுக்கு இப்போது கோபமே வந்தது. “பொய்யின்னு தெரிஞ்சே போடுவாங்களா? பண்டார் தெங்காராவுல ஒரு புள்ள அடி வாங்கியிருக்கு!”

“வா, காட்டுறேன்.”

கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. பத்திரிகை மூடியபிறகு அதன் அலுவலகத்தை அவரே வாடகைக்கு எடுத்துக் கடை போட்டிருக்கிறார். காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி. அலமாரிமேல் செத்துப்போன சின்ன டிவி. மேசையில் ஒரு விசிறி, வலைக்கூண்டு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

அந்த நசுங்கலை ஜாக்லினுக்குத் தெரியும். பத்திரிகையில் ஒருமுறை கறுப்பு வெள்ளையில் ஒரு படம் வந்தது: ‘இங்கே உட்கார்ந்துதான் நாங்கள் ஆடிப் பார்க்கிறோம்.’ நாற்காலி, டிவி, இரண்டு போத்தல், நசுங்கிய விசிறியில் பாதி. அதை வெட்டித் தன் துணிப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். தினமும் பார்த்தது, எப்படியோ அடியோடு மறந்துபோய்விட்டது.

“ஒன் கடுதாசியப் படிச்சதும் சிரிச்சிட்டேன்,” என்றார் சதாசிவம். “அருவிக்குப் பின்னால இந்தப் புள்ள கட்டி வச்சிருக்கிறது நம்ம ரூமையில்ல! எல்லாப் புள்ளைங்களும் கதவத் தொறந்தா புதையல் கேக்குது. நீ ஒரு நாற்காலி கேட்ட. வந்து உக்காந்துட்டுப் போன்னு எழுதலாம்னா, கடுதாசியில விலாசம் இல்ல.”

பொய் எழுதுகிறவள் விலாசம் எழுதுவாளா? ஜாக்லின் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பேரப் போட்டாத்தான் நீ அடுத்த புக்கயும் தேடிப் படிப்பன்னு, மொதல்ல பொய்யப் போட்டேன். தப்புதான். மறுமாசம் இதப் போட்டேன்.”

அலமாரியிலிருந்து செப்டம்பர் இதழை எடுத்துப் பிரித்தார். பின்கதவுப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி.

“ஜாக்லின், லாயாங் லாயாங்: சனிக்கிழமைகளில் கதவு திறந்திருக்கும். அப்பா அம்மாவோடு வா.”

அந்தச் செப்டம்பர் இதழை லாயாங் லாயாங் நிலையத்தில் ஒருவரும் மறந்து வைத்துவிட்டுப் போகவில்லை. ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் அப்பா வாங்கித்தான் கொடுத்திருப்பார். அவள் கேட்கவில்லை. அந்த வரியை மூன்று முறை படித்தாள். பதிமூன்று வயதுப் பிள்ளையாகவே நின்று அழுதாள்.

“எத்தன சனிக்கெழம இருந்தீங்கண்ணே?”

“அட, சனிக்கெழம எப்படியும் அர நாள் வேலதான் லா,” என்று அவர் விசிறியைத் துடைத்தார். பிறகு, “கிறிஸ்மஸ் வரைக்கும் ஓரஞ்சு வாங்கி வச்சேன்,” என்றார்.

“எத்தன பேருணே திட்டி எழுதினாங்க? தொறக்கலன்னு?”

“ரெண்டு பேரு. தொறந்துடுச்சின்னு நாப்பத்தி மூணு பேரு எழுதினாங்க! அதுக்கப்புறம் பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வரல. பேஸ்புக்ல நீ இருக்கியான்னு பாக்கத்தான் அந்த ஃபேனப் பத்தி எழுதினேன். படம் எடுத்துப் போடறானே, அந்தப் பையன் கேக்குறதப் பாத்தா எனக்கும் தூக்கம் வரல.”

ஜாக்லின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இந்த முறை அழிக்கவில்லை.

“பிராண்டன், அந்தக் கதவு யாருக்கும் தொறக்கல. இந்த நூத்திப் பன்னெண்டு பேருக்கும் தொறக்கல. அது நான் எழுதின பொய். உங்க விரல்ல ஒரு கொறையும் இல்ல. பட்டனுக்கும் அந்த அடிக்கும் மன்னிச்சிடுங்க. லாயாங் லாயாங் ஜாக்லின்.”

போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சதாசிவம் முன்கடைக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. போன் டிங் டிங்கென்று அடிக்க ஆரம்பித்தது. கூலாய்க்காரர் கொதித்துப்போயிருந்தார், தான் கண்ணால் பார்த்தது பார்த்ததுதானாம். இன்னொருவர் இந்தப் பெண் போலி என்று எழுதியிருந்தார். எழுதட்டும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

பிராண்டனின் பதில் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

“இருபத்தஞ்சு வருஷம் எனக்கு மட்டும்தான் தொறக்கலன்னு நெனச்சேன்கா. தேங்க்ஸ்.” அதற்குக் கீழே இன்னொன்று. “சரி, அப்ப உள்ள என்ன இருக்கு?”

ஜாக்லின் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இரண்டு ஓரஞ்சு போத்தலோடு வந்த சதாசிவத்திடம் போனை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

“பண்டார் தெங்காராதானே? ஒரு மணி நேரத்துல வந்துருவான்,” என்றார். “இன்னொரு நாற்காலி இருக்கா பாக்குறேன்.”

அவர் காகிதக் கட்டுகளை நகர்த்த ஆரம்பித்தார். ஜாக்லின் செப்டம்பர் இதழை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கடை விலாசத்தை அடித்துவிட்டு, அதற்குக் கீழே அந்த வரியைப் பார்த்து எழுதினாள்.

“பிராண்டன், பண்டார் தெங்காரா: சனிக்கிழமைகளில் கதவு திறந்திருக்கும். வா.”