பசித்த குடுவை

குடுவையின் அடியில் செல்கள் இடைவெளியில்லாமல் படர்ந்திருந்தன. மார்லீன் அதை நுண்ணோக்கியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"எப்படி வளந்திருக்கு பாத்தியா?" என்றான் ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் கஸ். தம்பி டென்னியை அடக்கம் செய்துவிட்டு அவள் பியூப்லோ ஊரில் அம்மாவோடு தங்கியிருந்த வாரங்களில், செல்களுக்கு உணவு மாற்றியது அவன்தான்.

"சாப்பாட்டுல எந்த சீரம் ஊத்துன?"

"புது பாட்டில். பாவம், ஒல்லியா கெடந்துச்சுங்க."

"வடிகட்டுனதா?"

அவன் குளிர்பெட்டியைத் திறந்தான். புது பாட்டிலின் லேபிளில் அந்தச் சொல் இல்லை.

அவை ஹாம்ஸ்டர் எலியின் செல்கள். உயிர்வாழத் தேவையான அடினைன் என்ற பொருளைத் தாமே செய்துகொள்ள முடியாதவை. டென்னியின் தோல் செல்களை அவற்றோடு இணைத்தபோது மனிதக் குரோமோசோம்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, இருபத்தொன்றாவது மட்டும் தங்கியது. அடினைன் செய்ய உதவும் மரபணு அதில் இருந்தது. பட்டினி கிடக்கும்வரை எலிச்செல் அதை விடாது. வடிகட்டாத சீரத்தில் அடினைன் உண்டு; அதில் வயிறு நிறைந்தால் உதறிவிடும்.

டென்னிக்குப் பிறவியிலேயே அந்தக் குரோமோசோம் ஒன்று அதிகம். அதிலுள்ள மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளக்கத்தான் இந்தக் குடுவை. தோல் எடுத்த அன்று அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "எலிக்கு வலிக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

"உறைய வெச்ச செல்லு இருக்குல்ல?" என்றான் கஸ்.

"நைட்ரஜன் தொட்டி வத்துனப்போ எல்லாம் போச்சு. நீயுந்தான கூட நின்ன."

"என்னத் திட்டிடு, மார்லீன்."

"திட்டுனா வந்துருமா? வடிகட்டுன பாட்டில எடு."

அடினைன் இல்லாத பழைய உணவுக்கு மாற்றினால் குரோமோசோமை இழந்தவை சாகும். ஏதாவது ஒன்று அதை வைத்திருந்தால், பிழைத்து ஒரு புள்ளியாகப் பெருகும்.

செல்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்து மிதந்தன. கஸ் தினமும் கதவருகே வந்து நின்றான்.

"இனிமே உன் நாய்க்குக்கூட நான் சோறு வெக்கமாட்டேன்."

"அதையும் நீதான் குண்டாக்குன."

அம்மா தொலைபேசியில், டென்னியின் சட்டைகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். மார்லீன் சரி என்றாள்.

மறுநாள் காலை வெளியே பனி வெளுத்திருந்தது. குடுவையைச் சன்னலருகே சாய்த்துப் பிடித்தாள். ஓரத்தில், கடுகைவிடச் சிறிதாக ஒரு வெள்ளைப் புள்ளி. தூசியாக இருக்கும் என்று அடிப்புறத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

புள்ளி அப்படியே இருந்தது. இன்னொரு முறை துடைத்தாள்.