மழை பெய்தால் நடக்கும்

1

இந்தக் கதை ஒரு கரும்பலகையிலிருந்து வந்தது. முழுக்க என் கற்பனை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பலகை இன்னமும் எங்கள் கூட்டுறவுக் கடை வாசலில், ஆரஞ்சுக் கூடைகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. பொய் சொன்னால் ஊரில் யாராவது காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

அதில் சுல்மா சாக்பீஸால் எழுதியிருந்தது இது:

"சனிக்கிழமை தோர்தா விழா. வருகிற எல்லோருக்கும் சுடச்சுட. மழை பெய்தால் நடக்கும். பெய்யாவிட்டால் அடுத்த சனிக்கிழமை."

மற்ற ஊர்களில் மழை வந்தால் விழாவை நிறுத்துவார்கள். சுல்மா அதைத் திருப்பிப் போட்டாள். அவள் கணக்கில் தப்பில்லை. உருகுவே ஆற்றின் இந்தக் கரையில் தூறல் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவதற்கு முன் மாவைப் பிசைந்துவிடுவோம். வட்டமாகத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் தோர்தா. வெயிலில் அதைத் தின்பவனைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்ப்போம்.

அவள் யோசிக்காதது ஒன்றுதான். பலகை வெளியே நிற்கிறது, எழுத்து சாக்பீஸ். மழை பெய்தால் அறிவிப்பே அழிந்துவிடும்.

2

முதல் தொடக்கம்: "வானம் கறுத்திருந்தது, அப்போது சுல்மா—"

[இல்லை. கறுக்கவில்லை. பிரச்சினையே அதுதான்.]

இரண்டாவது தொடக்கம்: "சுல்மா என்றொரு பெண் இருந்தாள். அவளுக்கு வானத்தின் மீது—"

[வானத்தின் மீது என்ன? ஒரு மாலை முழுக்க இந்த வாக்கியத்தின் எதிரில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த மாத்தே, எங்கள் ஊர்க் கசப்பு இலைத் தேநீர், ஆறிப்போனது. வாக்கியம் வரவில்லை.]

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். சுல்மா பல வருஷம் கடையின் பின்னறையில் தராசில் பருப்பு நிறுத்தவள். அங்கே ஜன்னல் கிடையாது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் பலகை எழுத ஆள் இல்லாமல் அவளை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து கடையின் விழாக்கள், சலுகைகள் எல்லாம் அவள் பொறுப்பு. தெருவில் போகிறவர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

விழாக்கள்தான் சரியாக அமையவில்லை. விதை மாற்று நாளில் ஊரே பூசணி விதை கொண்டுவந்து, ஊரே பூசணி விதையோடு திரும்பிப் போனது. கண்ணைக் கட்டிக்கொண்டு பாலாடைக்கட்டி ருசிக்கும் போட்டியில், கண்கட்டை அவிழ்ப்பதற்குள் பக்கத்து வீட்டு நாய் ஜெயித்துவிட்டது.

இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவந்தவர் எங்கள் கடை உறுப்பினர் வாஷிங்டன்*. அவருடைய மருமகனிடம் கூரையில் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று இருக்கிறது. "பயறு விலை குறைஞ்சிருச்சு, ஓடி வாங்க" என்று அது தெருத்தெருவாகக் கத்தினால் போதும், பலகையும் வேண்டாம், விழாவும் வேண்டாம் என்பது அவர் கட்சி. பொதுக்கூட்டத்தில் முடிவானது இப்படி: தோர்தா விழாவுக்கு மூன்று சனிக்கிழமை தரலாம். மூன்றாவதிலும் நடக்காவிட்டால் கார் வரும், சுல்மா பின்னறைக்குத் திரும்புவாள்.

எங்கள் கடையில் எல்லாமே கை தூக்கித்தான் முடிவாகும். அதில் இரண்டு விதிகளை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். நாங்கள் கூடும்போது தொடர்ந்து மூன்று முறை வந்தவர் யாராக இருந்தாலும் ஓட்டு உண்டு. கூட்டக் குறிப்பு எழுதுகிறவருக்கு ஓட்டு கிடையாது, அந்தக் கை பேனாவுக்கு உரியது.

குறிப்பு எழுதுகிறவன் நான்.

* கதைக்காக அவர் பெயரை மாற்றப் பார்த்தேன், வாசகர்கள் ஊர்ப்பெயர் என்று குழம்புவார்களே என்று. "எங்கப்பா ஆசையா வச்ச பேரு. அது இல்லாத கதையில நான் எதுக்கு வரணும்? நீயே ரெண்டு வேஷமும் கட்டிக்கோ" என்றார். அவர் இல்லாமல் கதை நகராது. ஆகவே வாஷிங்டன்.

3

முதல் சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. ஆனாலும் வந்தார்கள். அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே, மறு கையில் குடை. எல்லோரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏன் சுல்மா, மேல இருக்கறவருக்குச் சொல்லி அனுப்புனியா, இல்ல பலகையில எழுதுனதோட சரியா?" என்றார் வாஷிங்டன்.

"அவருக்கும் உன்னை மாதிரிதான், ரெண்டு தடவ படிச்சாதான் புரியும்" என்றாள் சுல்மா.

இரண்டாவது சனிக்கிழமை மேகம் வந்தது. சுல்மா மாவைப் பிசைந்து வெள்ளைத் துணியால் மூடினாள். மேகம் எங்கள் தலைக்கு மேலே நிதானமாகக் கடந்து, ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நாங்கள் காய்ந்த தரையில் நின்று அர்ஜென்டினா நனைவதைப் பார்த்தோம்.

"கால்பந்துக் கோப்பையும் அவனுங்களுக்குத்தான், மழையும் அவனுங்களுக்குத்தான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

யாரும் உடனே கலையவில்லை. மாத்தே கைமாறிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் மேகத்தின் திசை பற்றி வாதாடினார்கள். இதைக் குறித்துக்கொண்டேன். பிறகு—

[இங்கே 'காத்திருந்ததே விழாவாக மாறிவிட்டது' என்று முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் அழகான வாக்கியம் சுல்மாவைப் பின்னறையிலிருந்து காப்பாற்றாது.]

அந்த வாரம் இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

"என்னைய ஏன் இவ்ளோ பாவமா எழுதியிருக்க? பருப்பு நிறுத்தா பாவமா?"

கடையின் தராசு ஒருமுறை ஆடி நின்றது.

"சரி, பாவந்தான்" என்றாள். "அங்க உக்காந்தா வெளிய மழை பெய்யுதா இல்லையான்னே தெரியாது, கண்ணு." பிறகு தாள்களைத் திருப்பித் தந்தாள். "நீதான எழுதுற? சனிக்கிழமை ஒரு மழையைப் போட்டுவிடேன். உனக்கு ஒரு வரிதான?"

4

மூன்றாவது சனிக்கிழமை. மழையை நான் போடவில்லை. இது கூட்டக் குறிப்பு, நடப்பதைத்தான் எழுதவேண்டும்.

கொழுப்பு காய்கிறது. வாசல் நிறைய ஆட்கள். வாஷிங்டன் எல்லோருக்கும் முன்னால், சட்டிக்கு மிக அருகில் நிற்கிறார். திடீரென்று யாரோ மூக்கைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

"விழுந்துச்சு!"

"எங்க?"

"எம் மூக்குல!"

"உன் மூக்கு பெருசு, அதுல எப்பவும் ஏதாவது விழும். இது மழை இல்லப்பா, பனி."

"பனியாம்! என் கையைப் பாரு, நனைஞ்சிருக்கு."

"அது மாத்தே ஊத்துனது."

தலைக்கு மேல் என்னவோ இருக்கிறது. விழுகிறது என்றும் சொல்ல முடியவில்லை, மிதக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. பாதிக் குடைகள் விரிந்திருக்கின்றன, பாதி மடங்கியிருக்கின்றன. வேறு ஊராக இருந்தால் வானத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். நாங்கள் கூட்டுறவுக்காரர்கள்.

"மழை பெய்யுதா இல்லையான்னு ஓட்டுக்கு விடுங்க" என்கிறார் வாஷிங்டன்.

யாரும் சிரிக்கவில்லை.

"பலகையைப் பாருங்கய்யா!" என்கிறாள் சுல்மா. எல்லோரும் பார்க்கிறார்கள். 'மழை' என்ற சொல் கரைந்து வழிகிறது. 'நடக்கும்' அப்படியே இருக்கிறது.

"பாத்தியா? அழியுது!"

"'நடக்கும்' அழியலையே, நெச மழைன்னா அதுவும் அழிஞ்சிருக்குமே" என்கிறார் வாஷிங்டன்.

"நடக்கும்னா நடக்கட்டுமே, உனக்கு என்ன நோவு?"

"எனக்கென்ன நோவு? நாந்தான் மொதல்ல தின்பேன். ஆசை வேற, விதி வேற சுல்மா" என்கிறார் அவர், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கைகள் உயர்கின்றன. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இரண்டு பக்கமும் சமம்.

5

யோசித்து வைத்த முடிவுகள் சில:

இடி முழங்கி வானம் பிளந்து கொட்டுகிறது. [சுல்மா கேட்ட முடிவு. குறிப்பில் பொய் எழுதினால் அடுத்த பொதுக்கூட்டத்தில் என்னைக் கிழித்துவிடுவார்கள்.]

மணம் தாங்காமல் வாஷிங்டன் தன் கையை இந்தப் பக்கம் தூக்கிவிடுகிறார். [அவரிடம் கேட்டேன். "என்னை அவ்ளோ சல்லிசா வித்துராத" என்றார்.]

ஒலிபெருக்கிக் கார் மூலையில் திரும்பி வருகிறது, அதன் கண்ணாடியில் துடைப்பான் ஆடிக்கொண்டே—

[இது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஆனால் கார் வரவில்லை.]

உண்மையில் இப்போது இருப்பது ஒரு மௌனம். மௌனங்களில் குடியிருந்து பழகியவன் நான், சாதாரணமாக இதில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருப்பேன். ஆனால் கொழுப்பு புகைய ஆரம்பித்துவிட்டது. சுல்மாவின் கையில் தட்டிய மாவு, நடுவில் ஓட்டை. அதைச் சட்டிக்கு மேலே பிடித்தபடி கூட்டத்தைப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் பின்னறைக் கதவு திறந்து கிடக்கிறது.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் பேனாவைத் தூக்கிக் காட்டுகிறேன். எழுதும் கைக்கு ஓட்டு இல்லை.

விதிப்படி இன்னும் ஓர் ஆள் பாக்கி இருக்கிறார். முதல் சனிக்கிழமை வெயிலில் எங்களோடு அண்ணாந்து பார்த்தவர். இரண்டாவது சனிக்கிழமை எதிர்க்கரை நனைவதைப் பார்த்தவர். இன்றும் வந்திருக்கிறார். தொடர்ந்து மூன்று முறை.

படித்துக்கொண்டே ஒரு கையை நீட்டிப் பாருங்கள். ஏதாவது விழுகிறதா?

அப்படியே தூக்குங்கள், நான் எண்ணிக்கொள்கிறேன்.