கடைக் காய் வாங்காத மாதம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் மகனுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பந்தயத்தைக் கட்டினான்.

விஷயம் இதுதான். தோட்டத்தில் ஈர மண்ணில் வழுக்கி விழுந்து எனக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. பெரிய அடி ஒன்றுமில்லை, கட்டைக்கூட அவிழ்த்தாகிவிட்டது. அதையே சாக்காக வைத்து, இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் அவனுடைய நான்காவது மாடி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"அங்க மண்ணுக்கு எங்கடா போவேன்? இந்தத் தோட்டம்தான் எங்களுக்குச் சோறு போடுது," என்றேன்.

"யாருக்கும்மா காது குத்துற? பாதிக் காய் கடையிலதான் வாங்குற. இந்த மாசம் முழுக்கக் கடைக் காய் ஒண்ணுகூட வாங்காம சமைச்சுக் காட்டு. அப்புறம் நான் வாயே திறக்கல. வாங்கிட்டேன்னு வை, மறுபேச்சில்லாம பெட்டியைக் கட்டணும்."

"சரிதான் போடா," என்று சொல்லிவிட்டேன். அவன் கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். வெண்டை ஓய்ந்துவிட்டது. தக்காளியில் கடைசிக் காய்கள் பழுக்க மனமில்லாமல் பச்சையாகவே நின்றன. அவரை இப்போதுதான் பந்தலேறிக்கொண்டிருந்தது. வருஷத்தில் தோட்டம் கையை விரிக்கிற மாதம் ஒன்று உண்டு, பழைய செடி ஓய்ந்து புதுச் செடி காய்க்காத மாதம். இந்தச் சமையலறையில் தின்று வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? தெரிந்தே மாட்டிவிட்டிருக்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் மறுநாள் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

கட்டிலுக்கு அடியில் தோட்டத்தில் பறித்து வைத்த இரண்டு பூசணிக்காய் கிடந்தன. முதல் காயில் ஒரு துண்டைக்கூட வீணாக்கவில்லை. சதையைக் குழைய வேகவைத்தேன், தோலைச் சீவி மிளகாயோடு வதக்கினேன், விதையை வறுத்துச் சோற்றில் தூவினேன். பச்சைத் தக்காளி புளிப்புக்கு ஆனது. பூசணிக் கொடியின் நுனியையும் ஆண் பூவையும் பறித்துப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் அடுப்படியே மணக்கும். முள்ளங்கி விரலளவுகூடத் திரளவில்லை, ஆனால் இலை மண்டிக் கிடந்தது. இலையை விடுவேனா?

என் வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் அவருடைய மெஷின் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அதிகம் பேச மாட்டார், தட்டைப் பார்த்தால் மட்டும் பேச்சு வந்துவிடும்.

"மறுபடியும் பூசணியா?"

"நேத்து காய். இன்னைக்குத் தோல்."

"நாளைக்குக் காம்பா?"

"நல்ல யோசனையா இருக்கே," என்றேன். அதன் பிறகு தட்டைப் பார்த்துப் பேசுவதை அவர் விட்டுவிட்டார்.

மகன் சாயங்காலமானால் போன் செய்து, "இன்னைக்கு என்னம்மா சமையல்?" என்பான். குரலில் அவ்வளவு பாசம். "விருந்துடா," என்று வைத்துவிடுவேன். உண்மையில் எனக்குப் பயம் பிடித்திருந்தது. இரண்டாவது பூசணி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அவரையோ இன்னும் பூவோடு நின்றது.

அப்படி ஒரு காலையில் தோட்டத்துக்குப் போனால், கத்திரிச் செடியில் மூன்று கத்திரிக்காய்கள் தொங்குகின்றன. குண்டு குண்டாக, பளபளவென்று, ஊதா நிறத்தில். என் செடி காய்ப்பது விரல் நீளத்தில் வெளிர்பச்சைக் காய். அதுவும் காய்த்து ஓய்ந்த கிழட்டுச் செடி. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு காம்பிலும் பச்சை நூல், இரட்டை முடிச்சு, நுனி ஒட்ட வெட்டிய சுத்தம். இந்த உலகத்தில் பொத்தானை அப்படித் தைக்கிறவர் ஒருவர்தான் இருக்கிறார்.

திரும்பிப் பார்த்தால் அவர் சன்னலோரம் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் காயைப் பறிக்காமல் உள்ளே போய்ப் பூசணித் துண்டை நறுக்கினேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை.

"கத்திரிக்காயைப் பறிக்கலையா? முத்திடப்போகுது."

"கடையில வாங்கின காய் எப்படிங்க முத்தும்?"

அசடு வழிந்தது முகத்தில். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வந்தது அழுகை. "நீங்ககூட என்னை நம்பலையா? நான் தோத்துடுவேன்னு நெனச்சுட்டீங்களா?"

அவர் மெஷினின் கைச்சக்கரத்தைத் தடவினார். "உன்னை நம்பாம இல்ல. நாலாவது மாடியில இதை ஓட்டினா கீழ்வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? மூலையில துணி போட்டு மூடி வைக்கச் சொல்லுவான் உன் பையன். அதை நெனச்சேன், கை தானா கடைக்குப் போயிடுச்சு."

அவருக்கும் இதே பயம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பயம் போய், பிடிவாதம் இரண்டு மடங்கானது. "அந்தக் காயைத் தொடாதீங்க, அப்படியே தொங்கட்டும்," என்றேன்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே தோட்டத்துக்குப் போனான், சோதனைக்கு வந்த அதிகாரி போல. சமையலறையில் இருந்த எனக்கு அவன் குரல் கேட்டது.

"அம்மா! என்னது இது? நூல் போட்டுக் கட்டியிருக்கு! கையும் களவுமா மாட்டிக்கிட்டியா?"

நான் கரண்டியோடு வெளியே வந்தேன். "கட்டினது உங்கப்பா. வாங்கினதும் அவர்தான். நல்லாத் தொட்டுப் பாரு."

தொட்டான். மூன்று காயும் வெயிலில் வதங்கிச் சுருங்கி, செருப்புத் தோல் போல ஆகியிருந்தன.

"வாங்கிச் சமைச்சிருந்தா அது இப்படியா தொங்கிட்டிருக்கும்? பசியில வயிறு கத்தினப்பகூட அதை நான் பறிக்கல. அதுதான்டா எனக்குச் சாட்சி. வா, வந்து சாப்பிடு."

அன்று அவரையின் முதல் பிஞ்சுகள். ஒரு கைப்பிடிதான் இருந்தன, உப்பும் மிளகும் போட்டு எண்ணெயில் புரட்டி எடுத்தேன். மிச்சப் பூசணியும் முள்ளங்கி இலையும் சேர்த்து ஒரு குழம்பு. மகன் மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டான். கை கழுவிவிட்டு வந்து, "சரிம்மா, நீ ஜெயிச்சுட்ட," என்றான். நான் சிரிப்பதற்குள், "ஆனா அது விளையாட்டுக்குச் சொன்னது. வர்ற வாரம் வீட்டைப் பார்க்க ஆள் வராங்க. சொல்லிட்டேன்," என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மூன்று முடிச்சையும் வெட்டி, அந்தச் சுருங்கிய கத்திரிக்காய்களைக் கொண்டுவந்து மகன் கையில் வைத்தார்.

"இந்த மாசம் இந்த வீட்டுக்குக் கடையிலேர்ந்து வந்த காய் இது மட்டும்தான். எடுத்துட்டுப் போ. வர்றவங்ககிட்ட, அங்க ரெண்டு பேர் குடியிருக்காங்க, கிளம்புற மாதிரி தெரியலன்னு சொல்லிடு."

"அப்பா, நீங்களுமா?"

"நானும்தான்," என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். தைக்கத் துணி எதுவும் இல்லை, சும்மாவே ஓடியது மெஷின்.

நான் மகனிடம், "தோத்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன்டா," என்றேன். மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போய், அந்தக் கிழட்டுக் கத்திரிச் செடியை அவன் கண்ணெதிரே வேரோடு பெயர்த்தேன். மணிக்கட்டு வலிக்கத்தான் செய்தது. வலித்தால் வலிக்கட்டும். தொட்டியில் தயாராக இருந்த நாற்றுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஊன்றித் தண்ணீர் ஊற்றினேன்.

"இது காய்க்க மூணு மாசம் ஆகும். அப்ப வா, கத்திரிக்காய் சமைச்சுப் போடறேன்," என்றேன்.